சைக்கிள் பயணம் முடிந்த பிறகு வெனிஸில் இரண்டரை நாள்: எப்படிப் பார்க்கலாம்

கேள்வி இதுதான். எட்டுப் பேர், மே மாதக் கடைசியில் வட இத்தாலியின் பொல்சானோவில் சைக்கிள் ஏறி, அடிஜே ஆற்றோரமாக ட்ரென்டோ, அங்கிருந்து வல்சுகானா பள்ளத்தாக்கில் இறங்கி பஸ்ஸானோ டெல் கிராப்பா, அப்புறம் ட்ரெவிசோ, கடைசியில் வெனிஸுக்கு எதிர்க்கரையிலுள்ள மெஸ்ட்ரே. அங்கே வாடகை சைக்கிளை ஒப்படைத்துவிட்டு வெனிஸைப் பார்க்க இரண்டரை நாள் இருக்கிறது. சைக்கிளோடு ஊருக்குள் போகலாமா, எங்கே தங்குவது, சான் மார்கோ சதுக்கம் தவிர எதற்கு நேரம் ஒதுக்குவது என்று கேட்டிருந்தீர்கள். குழுவில் ஒருவருக்கு முழங்கால் வலி, இரண்டு பேர் சைவம் என்றும் சொல்லியிருந்தீர்கள். தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் சைக்கிள். வெனிஸ் தீவுநகருக்குள் சைக்கிள் ஓட்டக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதற்கும் தடை, பிடிபட்டால் அபராதம். நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், அநேகமாக எல்லாமே படிக்கட்டு வைத்தவை, எதிரே ஆள் வந்தால் தோளைச் சாய்த்துக்கொண்டு போக வேண்டிய சந்துகள். அங்கே எட்டு சைக்கிள் நுழைந்தால் உங்களுக்கும் கஷ்டம், காய்கறிப் பையோடு வீட்டுக்குப் போகிற ஊர்க்காரருக்கும் கஷ்டம். நகரத்தைப் பார்க்கிற நாளில் சைக்கிள் மெஸ்ட்ரேயிலேயே இருக்கட்டும். அங்கிருந்து ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், சான்டா லூச்சியா நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே பெருங்கால்வாய்.

ஆனால் பயணம் முடிந்த அன்றே சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். வாடகைக்கு விட்டவர்களிடம் இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். வெனிஸின் தீவுகளில் சைக்கிளுக்கு அனுமதி உள்ள இடங்கள் உண்டு, அதில் லிடோவும் பெல்லெஸ்ட்ரினாவும் உங்களைப் போல ஆற்றோரமாகவே வந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்பது என் உறுதியான எண்ணம். நேரம் குறைவு என்றால் நகரத்துக்குள் இரண்டு மூன்று இடங்களைக்கூட விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் வல்சுகானாவில் இறங்கும்போது கூடவே ஓடி வருவது பிரென்டா ஆறு. கல்டொனாட்ஸோ, லெவிகோ ஏரிகளில் கிளம்பி பஸ்ஸானோவின் மரப்பாலத்துக்கு அடியில் போகிறதே, அதுதான். இயற்கையாக விட்டிருந்தால் அது வெனிஸைச் சுற்றியுள்ள காயலில், அதாவது கடலோர உப்புநீர்ப் பரப்பில், வந்து கலக்கும், கொண்டு வருகிற வண்டலைக் காயலில் கொட்டும், சில நூற்றாண்டுகளில் காயல் சதுப்பாகி, சதுப்பு நிலமாகி, வெனிஸ் நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊராகியிருக்கும். அன்று தனி நாடாக இருந்த வெனிஸ் குடியரசுக்குத் தண்ணீர்தான் கோட்டைச் சுவர், அதுவே துறைமுகம், அதுவே வருமானம். அதனால் அவர்கள் ஆறுகளையே வேறு பக்கம் திருப்பினார்கள். பிரென்டாவை வெட்டித் தெற்கே கியோஜ்ஜா பக்கம் கடலுக்கு அனுப்பினார்கள், ட்ரெவிசோ வழியாக வரும் சீலே ஆற்றை 1683இல் பியாவேயின் பழைய படுகைக்கு மாற்றினார்கள், பியாவேயையும் கிழக்கே தள்ளினார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. நீங்கள் சைக்கிளில் பார்த்துக்கொண்டே வந்த இரண்டு ஆறுகளும் இப்படிக் கையால் திருப்பப்பட்டவை. விமானத்தில் வந்து இறங்குபவருக்கு இது ஒரு தகவல். நீங்கள் அந்தக் கரையிலேயே மிதித்து வந்தவர்கள், உங்களுக்கு இது காலில் தெரிந்த விஷயம்.

ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் கடல். கடல் பக்கம் என்ன செய்தார்கள் என்பதைத்தான் பெல்லெஸ்ட்ரினாவில் பார்க்கப் போகிறீர்கள்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். மெஸ்ட்ரே வந்து சேரும் அன்று மெஸ்ட்ரேயிலேயே தங்குங்கள். குளித்து, துணி துவைத்து, சாயங்காலம் ரயிலேறி வெனிஸ் போய், நிலையத்திலிருந்து இடது பக்கம் திரும்பி கன்னரேஜோ பகுதியில் மட்டும் நடங்கள். முதல் நாள் சான் மார்கோ வரை ஓட வேண்டாம், கால் கெஞ்சும். கன்னரேஜோவில் யூதர் கெட்டோ இருக்கிறது, 1516இல் நகரத்து யூதர்களை எல்லாம் ஒரே தீவில் அடைத்து இரவில் வாசலைப் பூட்டிய இடம். இன்று உலகம் முழுக்க அந்தப் பெயர் இதிலிருந்துதான் போனது. இடம் போதாமல் மேலே மேலே கட்டியதால் அங்கே மட்டும் வீடுகள் மற்ற இடங்களைவிட உயரம், ஆனால் மாடிகள் தாழ்வு. ஜன்னல் வரிசைகளை எண்ணிப் பார்த்தாலே நெருக்கடி புரியும். அதைத் தாண்டி வடக்கே போனால் நீண்ட நேரான கால்வாய்க்கரைகள், மிசெரிகோர்டியா, ஓர்மெசினி என்று. மாலையில் உள்ளூர் ஆட்கள் கையில் கண்ணாடிக் கோப்பையோடு கரையோரம் நிற்பார்கள். அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

மறுநாள் காலை சைக்கிள். மெஸ்ட்ரேயிலிருந்து சான் ஜூலியானோ பூங்கா வழியாக லிபெர்டா பாலத்துக்கு வந்துவிடுங்கள். 1933இல் திறந்த சாலைப் பாலம், கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர், ஓரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு குறுகலான பாதை, பக்கத்திலேயே 1846இல் கட்டிய ரயில் பாலம். ஒருவர் பின் ஒருவராக வரிசையாகப் போங்கள், எதிர்க்காற்று பலமாக இருக்கும். பாலம் முடிந்ததும் பேருந்துகள் நிற்கும் பியாட்ஸாலே ரோமாவுக்குப் போகாமல், கார் நிறுத்தும் தீவான ட்ரொங்கெட்டோ பக்கம் பிரிந்து போக வேண்டும். அங்கே கார் ஏற்றும் பெரிய படகு, 17ஆம் எண் வழித்தடம், லிடோ தீவின் சான் நிக்கொலோவுக்குப் போகிறது, சைக்கிளும் ஏற்றிக்கொள்வார்கள். அடிக்கடி கிடையாது, முந்தைய நாளே நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படகைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறியதும் சைக்கிளை ஓரமாகக் கட்டிவிட்டு மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். ஜூதெக்கா கால்வாய் முழுக்க அது போகும், வலது பக்கம் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் ரெடென்டோரே தேவாலயம், இடது பக்கம் ஸாட்டெரே கரை, சலூட்டே தேவாலயத்தின் குவிமாடம், அப்புறம் திடீரென்று சான் மார்கோ முகப்பு மொத்தமும், குடியரசின் தலைவரான டோஜின் அரண்மனையும் மணிக்கோபுரமும் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கிற மாதிரி. ரயில் பாலம் வருவதற்கு முன்புவரை வெளிநாட்டுத் தூதர்களும் வணிகர்களும் இந்த நகரத்தைத் தண்ணீர் வழியாக வந்து பார்த்துத்தான் அசந்துபோனார்கள், அப்படிப் பார்ப்பதற்காகவே அந்த முகப்பைக் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸானோவில் பார்த்த மரப்பாலத்தை 1569இல் வரைந்த அதே பல்லாடியோதான் ரெடென்டோரேவுக்கும், எதிரே தீவில் நிற்கும் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரேவுக்கும் வரைந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

லிடோவில் இறங்கி தெற்கே மிதியுங்கள். மேடு என்று ஒன்றுமே கிடையாது. 1932 முதல் திரைப்பட விழா நடக்கும் ஊர், பெரிய ஹோட்டல்கள், கடற்கரை, அதையெல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம். மலமோக்கோவில் மட்டும் நில்லுங்கள். எட்டாம் நூற்றாண்டில் காயல் மக்களின் தலைநகரம் அந்தப் பெயரில் இந்தப் பக்கத்தில்தான் எங்கோ இருந்தது, 810 வாக்கில் பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் தாக்கிய பிறகுதான் பாதுகாப்பாக உள்ளே ரியால்டோ பக்கம் மாறினார்கள். இப்போது சின்னஞ்சிறு கிராமம், ஒரு குட்டிக் கால்வாய், ஒரு சதுக்கம், கூட்டமே இல்லை. காப்பி குடிக்க நல்ல இடம்.

தீவின் முனையில் அல்பெரோனி. அங்கே மணல்மேடுகளும் பைன் காடும் இருக்கின்றன. அங்கிருந்து கார் ஏற்றும் படகு ஒன்று மலமோக்கோ வாயைக் கடந்து பெல்லெஸ்ட்ரினாவில் விடும். காயலுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று வாய்கள்தான் உண்டு: லிடோ, மலமோக்கோ, கியோஜ்ஜா. மூன்றிலும் தண்ணீருக்கடியில் மோசே தடுப்பின் இரும்புக் கதவுகள் படுத்திருக்கின்றன, மொத்தம் 78. கடல்மட்டம் 110 செ.மீ. தாண்டும் என்று கணிப்பு வந்தால் காற்றை அடைத்து அவற்றை எழுப்புகிறார்கள். 2003இல் தொடங்கிய வேலை, 2020 அக்டோபர் 3ஆம் தேதி முதல்முறையாக உண்மையான வெள்ளத்துக்கு எழுப்பினார்கள், அன்று சான் மார்கோ சதுக்கம் நனையவில்லை. அதற்கு முந்தைய வருடம் நவம்பர் 12ஆம் தேதி 187 செ.மீ. வந்து நகரமே மூழ்கியிருந்தது. இவ்வளவு காலதாமதம், இவ்வளவு ஊழல் வழக்குகள் எல்லாம் நடந்த திட்டம்தான், ஆனாலும் அது வேலை செய்கிறது, அதனால் வீடுகளும் கடைகளும் தப்புகின்றன, அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

பெல்லெஸ்ட்ரினா பதினொரு கிலோமீட்டர் நீளமான ஒரு கோடு. சில இடங்களில் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியும் அளவுக்கு ஒல்லி. காயல் பக்கம் வண்ண வீடுகள், வலை காயப்போட்ட மீன்பிடிப் படகுகள், வாசலில் உட்கார்ந்து பேசும் பாட்டிமார்கள். கடல் பக்கம் முராட்ஸி என்கிற கற்சுவர். 1744இல் தொடங்கி 1782 வரை இஸ்ட்ரியாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கல்லில் கட்டினார்கள், குடியரசு கட்டிய கடைசிப் பெரிய வேலை. பதினைந்து வருடத்தில், 1797இல், நெப்போலியன் வந்து அந்தக் குடியரசே முடிந்துபோனது. சுவர் மட்டும் நின்றது. 1966 நவம்பர் 4ஆம் தேதிப் புயலில் கடல் இந்தச் சுவரை உடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தது, தீவு மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது, அன்று வெனிஸில் தண்ணீர் 194 செ.மீ. ஏறியது, இன்றுவரை அதுதான் உச்சம். சுவர்மேல் ஏறி ஒருபக்கம் கடல், மறுபக்கம் தள்ளித் தள்ளித் தெரியும் கோபுரங்கள் என்று பாருங்கள். ஆற்றைத் திருப்பியதும் கடலைத் தடுத்ததும் சேர்ந்ததுதான் வெனிஸ். இதைப் பார்த்துவிட்டு மறுநாள் அரண்மனைக்குள் போனால் அந்தத் தங்கக் கூரை எல்லாம் எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்து பார்ப்பீர்கள்.

முழங்கால் வலிக்காரர் இதைத் தவறவிட வேண்டாம். அவர் வாப்பரெட்டோ என்கிற பொதுப்படகில் லிடோ வந்து, 11ஆம் எண் பேருந்தில் ஏறினால் போதும், பேருந்தே படகில் ஏறிப் பெல்லெஸ்ட்ரினா போகும். மதியம் எல்லாரும் அங்கே சேர்ந்து சாப்பிடலாம். நீங்கள் தீவுகளில் போகவர ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் மிதிப்பீர்கள், டோலமைட் மலைப் பக்கமிருந்து வந்த கால்களுக்கு இது பொழுதுபோக்கு. ஒன்று மட்டும், நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் வேண்டும்.

அன்று மாலை சைக்கிளை ஒப்படைத்துவிட்டு பெட்டியோடு வெனிஸுக்குள் குடிபோய்விடுங்கள். மெஸ்ட்ரே மலிவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டு இரவாவது உள்ளே தங்குங்கள் என்றுதான் சொல்வேன். பகல் கூட்டம் மாலையில் ரயிலேறிப் போன பிறகும் விடியற்காலையிலும் நகரம் வேறு மாதிரி இருக்கும், அதைப் பார்க்க உள்ளே படுத்தால்தான் முடியும். அதோடு, 1951இல் இந்தத் தீவுகளில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் ஆட்கள் வாழ்ந்தார்கள், இப்போது ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. நிறைய வீடுகள் சுற்றுலா வாடகையாக மாறிவிட்டன. முடிந்தால் குடும்பம் நடத்தும் சின்ன ஹோட்டலில் தங்குங்கள், ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வதைவிட அது நல்லது. இடம் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் படகு நிறுத்தத்திலிருந்து எத்தனை பாலம் ஏற வேண்டும் என்று ஹோட்டலில் கேட்டுவிடுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பாலம் ஏறி இறங்குவது மலைப்பாதையைவிட மோசம், முழங்கால் வலிக்காரருக்கு ரொம்பவே. முகவரியில் தெருப்பெயர் இருக்காது, பகுதிப்பெயரும் நாலிலக்க எண்ணும்தான் இருக்கும், அதை மட்டும் வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பக்கத்துத் தேவாலயம் அல்லது சதுக்கத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நுழைவுக் கட்டணம் பற்றி. 2024 ஏப்ரல் 25இல் பகல்நேர வருகையாளர்களுக்கு இதைத் தொடங்கினார்கள். 2025இல் ஏப்ரல் முதல் ஜூலை வரை குறிப்பிட்ட 54 நாட்களுக்கு, காலை எட்டரையிலிருந்து மாலை நாலு மணிக்குள் வருபவர்களுக்கு ஐந்து யூரோ, கடைசி நேரத்தில் கட்டினால் பத்து என்று வைத்திருந்தார்கள். மெஸ்ட்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான், அதனால் மெஸ்ட்ரேயிலோ வெனிஸிலோ இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டியதில்லை, ஆனால் நகராட்சி இணையதளத்தில் விலக்குக் குறியீடு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் தேதி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், மே கடைசி வார இறுதி என்றால் அநேகமாக இருக்கும்.

படகு டிக்கெட். 2025இல் ஒருமுறைக்கு ஒன்பதரை யூரோ, 75 நிமிடம் செல்லும். 48 மணி நேரத்துக்கு 35 யூரோ, 72 மணி நேரத்துக்கு 45 என்று இருந்தது. உள்ளே தங்கப்போகும் உங்களுக்கு மணிக்கணக்கு டிக்கெட்தான் லாபம். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் காட்டிவிட்டு ஏறுங்கள். 1ஆம் எண் படகு பெருங்கால்வாய் முழுவதும் நின்று நின்று போகும், இரவு ஒன்பது மணிக்கு மேல் முன்பக்கம் இடம் பிடித்து ஒருமுறை போய்வாருங்கள், அரண்மனைகளின் மாடிகளில் விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் ஓவியக் கூரைகள் படகிலிருந்தே தெரியும். கோண்டோலா வேண்டுமென்றால் நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவில் 110, ஐந்து பேர் வரை ஏறலாம், ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க மட்டும் ட்ரகெட்டோ என்று ஒரு கோண்டோலாப் படகு உண்டு, இரண்டு யூரோதான், எனக்கு அதுவே போதும் என்று தோன்றும்.

நகரத்து நாள். விடியற்காலை ஆறரைக்கு சான் மார்கோ சதுக்கத்துக்குப் போங்கள். யாருமே இருக்க மாட்டார்கள், குப்பைப் படகு ஆட்களும் கடலைப் பார்த்து ஓடும் ஒன்றிரண்டு பேரும்தான். அந்த மணிக்கோபுரம் 1902 ஜூலை 14ஆம் தேதி அப்படியே சரிந்து விழுந்தது, மனித உயிர் ஒன்றும் போகவில்லை, பழையபடியே பழைய இடத்திலேயே 1912இல் கட்டி முடித்தார்கள். தேவாலயத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு திறக்கும் நேரத்துக்கே உள்ளே போய்விடுங்கள். இங்கே சைக்கிள் குழுக்கள் எல்லாம் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயம்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சைக்கிள் கால்சட்டையோடு விட மாட்டார்கள், பெரிய முதுகுப்பைக்கும் அனுமதி இல்லை. அடியில் கிளிப் வைத்த சைக்கிள் காலணி வேண்டவே வேண்டாம், பாலப் படிகளின் ஓரக் கல் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், வழுக்கிவிடும். உள்ளே மேலே ஏறினால் எட்டாயிரம் சதுர மீட்டருக்கு மேல் தங்க மொசைக், கூடவே நாலு வெண்கலக் குதிரைகளின் அசல். 1204இல் கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடித்துக் கொண்டுவந்தவை, 1797இல் நெப்போலியன் பாரிசுக்குக் கொண்டுபோனான், 1815இல் திரும்பி வந்தன. வெளியே முகப்பில் நிற்பவை பிரதிகள்.

மணிக்கோபுரத்தில் ஏற வரிசையில் நிற்காதீர்கள். 2ஆம் எண் படகில் ஒரே நிறுத்தம், சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே. அங்குள்ள கோபுரத்திலும் மின்தூக்கி இருக்கிறது, கூட்டம் குறைவு, அங்கிருந்து சான் மார்கோவையும் சேர்த்துப் பார்க்கலாம், தெளிவான நாளில் வடக்கே நீங்கள் இறங்கி வந்த மலைகளும் தெரியும். தெற்கே முந்தைய நாள் மிதித்த அந்த ஒல்லிக் கோடும் தெரியும்.

ரியால்டோ சந்தைக்குக் காலையில்தான் போக வேண்டும், மீன் சந்தை ஞாயிறும் திங்களும் கிடையாது. சுற்றிலும் பாக்கரோ என்கிற சின்னச் சின்னக் கடைகள், நின்றபடியே ஒரு வாய் இரண்டு வாய்த் தின்பண்டம், சிக்கெட்டி என்பார்கள், கையளவு கோப்பையில் வைன். மீன் சாப்பிடுபவர்கள், உப்புப் போடாமல் உலர்த்திய காட் மீனை வெண்ணெய் மாதிரி அடித்துச் செய்யும் பக்கலா மன்டெகாட்டோவை விடாதீர்கள். வெங்காயமும் வினிகரும் திராட்சையும் போட்டு ஊறவைத்த சார்டின் மத்திமீனும் இந்த ஊர்க் கப்பல்காரர்களின் சாப்பாடுதான், கெடாமல் இருப்பதற்காக அப்படிச் செய்தார்கள். சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். பிகோலி இன் சல்சா என்ற பாஸ்தாவைப் பட்டியலில் பார்த்தால் வெறும் வெங்காயக் குழம்பு மாதிரித் தெரியும், உள்ளே நெத்திலி. பட்டாணிச் சோறு ரிசி எ பிசியில் பன்றிக்கொழுப்போ இறைச்சிச் சாறோ சேர்ப்பதுண்டு. மொட்ஸரெல்லா பொரியலிலும் நடுவில் நெத்திலி வைப்பார்கள். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா அச்சூகே", அதாவது இறைச்சி, மீன், நெத்திலி இல்லாமல், என்று மூன்றையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள், நெத்திலியை மீன் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. மே மாதம் என்பதால் உங்களுக்கு ஒரு நல்லது, பஸ்ஸானோவின் வெள்ளை அஸ்பராகஸ் பருவம் அது, வேகவைத்த முட்டையும் எண்ணெயும் சேர்த்துத் தருவார்கள், முட்டை சாப்பிடுவார்கள் என்றால் அங்கே ஒருமுறை, இங்கே ஒருமுறை வாங்கிக் கொடுங்கள். காயலின் சான்டெராஸ்மோ தீவில் விளையும் கூனைப்பூவும் அதே காலத்தில் சந்தைக்கு வரும்.

மதியத்துக்கு ஒரே இடம் சொல்ல வேண்டுமென்றால் ஸ்குவோலா கிராண்டே டி சான் ரோக்கோ, பழைய தர்மசங்கம் ஒன்றின் கட்டடம். ஓவியர் டின்டொரெட்டோ 1564 முதல் 1587 வரை அந்த ஒரு கட்டடத்துக்காக வரைந்துகொண்டே இருந்தார், சுவரும் கூரையும் முழுக்க அவருடையவை. கூரையைப் பார்க்கக் கையில் ஒரு கண்ணாடி தருவார்கள், கழுத்து வலிக்காது. பக்கத்திலேயே ஃபிராரி தேவாலயம், பலிபீடத்துக்குப் பின்னால் ஓவியர் டிஷியனின் மரியாள் விண்ணேற்றம், 1518இல் வைத்தது, அதே தேவாலயத்தில்தான் அவர் கல்லறையும். இந்த இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் கொடுங்கள், அதற்காக டோஜ் அரண்மனையை விட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

நடந்து போகும்போது அநேகமாக ஒவ்வொரு சதுக்கத்திலும் நடுவில் கிணற்று வாய் மாதிரிச் செதுக்கிய கல் ஒன்று மூடியோடு நிற்கும், வெறும் கிணறு என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். சுற்றிலும் உப்புத்தண்ணீர், தோண்டினாலும் உப்பு. அதனால் சதுக்கத்துக்கு அடியில் பள்ளம் தோண்டி, கடல்நீர் புகாமல் களிமண் பூசி, மணல் நிரப்பி, நடுவில் செங்கல் குழாய் எழுப்பினார்கள். மழைநீர் தரையிலுள்ள துளைகள் வழியாக இறங்கி, மணலில் வடிகட்டி நடுவில் ஊறும். 1884இல் கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை நகரம் பெரும்பாலும் குடித்தது இந்த மழையைத்தான். தரைக்கற்கள் அந்தத் துளைகளை நோக்கி லேசாகச் சரிந்திருப்பதைப் பாருங்கள். இப்போது தெருக்குழாயில் வரும் தண்ணீர் நல்லது, புட்டியை நிரப்பிக்கொள்ளலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

ரியால்டோவுக்குச் சற்று வடக்கே, மலிபிரான் அரங்கத்துக்குப் பின்னால், கோர்டே டெல் மிலியோன் என்று ஒரு முற்றம். மார்கோ போலோ குடும்பத்து வீடு இருந்த இடம். 1295இல் ஊர் திரும்பிய அந்த மனிதர் நம் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும் அங்கே குதிரை வந்து இறங்கியதையும் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பையும் பற்றி விரிவாகச் சொல்லி எழுத வைத்தவர். வீடு இப்போது இல்லை, பழைய பைசன்டைன் வளைவு ஒன்று மட்டும் இருக்கிறது, நமக்கு அதுவே போதும்.

குழுவாகப் போவது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாலையில் எட்டுப் பேர் சேர்ந்து போனால் பாதுகாப்பு, வெனிஸ் சந்தில் எட்டுப் பேர் சேர்ந்து நின்றால் அடைப்பு. 2024 முதல் சுற்றுலாக் குழுக்களுக்கு 25 பேர் வரம்பும் ஒலிபெருக்கித் தடையும் வந்தது சும்மா இல்லை. இரண்டு மூன்று பேராகப் பிரிந்துவிடுங்கள், வலது ஓரமாக நடங்கள், பாலத்தின் உச்சியில் நின்று படம் எடுக்காதீர்கள், படியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், அதற்கும் அபராதம் உண்டு. மாலை ஏழு மணிக்கு சான்டா மார்கெரிட்டா சதுக்கத்தில் சேர்வோம் என்று சொல்லி வைத்தால் போதும். அங்கிருந்து ஸாட்டெரே கரைக்குப் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். வட மலைகளில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து சேர்த்த கரை அது, அந்த மரங்கள்தான் கப்பலாகவும் அடித்தளக் கட்டைகளாகவும் போயின. சலூட்டே தேவாலயத்துக்கு மட்டுமே பத்து லட்சத்துக்கு மேல் கட்டைகள் அடித்ததாகக் கணக்கு. காற்று இல்லாத சேற்றுக்குள் இருப்பதால் மரம் எளிதில் மக்குவதில்லை. ஸாட்டெரே அநேகமாகச் சமதரை, நடுவில் சில பாலங்கள் மட்டும்தான், முழங்கால்காரருக்கு இதைவிட நல்ல மாலை நடை கிடையாது.

கடைசி நாள் காலை நேரம் மிச்சமிருந்தால் ஃபொண்டமெண்டே நோவேயிலிருந்து 12ஆம் எண் படகில் டொர்ச்செல்லோ போய்வாருங்கள். 639இல் நிறுவிய தேவாலயம், மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு மொசைக், ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவில் இன்று கைவிரல் எண்ணிக்கையில்தான் ஆட்கள், ஆற்று வண்டலும் மலேரியாவும் சேர்ந்து காலிசெய்த ஊர். புரானோ பக்கத்துத் தீவுதான், வண்ண வீடுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். முரானோ தீவுக்குத்தான் 1291இல் கண்ணாடி உலைகளை எல்லாம் மாற்றினார்கள் என்பது வரலாறு, ஆனால் இலவசப் படகு, இலவச உலைக்காட்சி என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், கடைசியில் விற்பனை அறையில் கொண்டுபோய் விடுவார்கள்.

விமானம் மார்கோ போலோ நிலையத்திலிருந்து என்றால் பியாட்ஸாலே ரோமாவில் பேருந்து ஏறினால் அரை மணிக்குள் போய்விடும். படகிலும் போகலாம், அழகாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே சொன்ன படகு டிக்கெட் இந்த இரண்டிலுமே செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். மெஸ்ட்ரே வழியாக ரயிலில் போகிறீர்கள் என்றால் பெட்டிகளை முந்தைய இரவே அங்கே வைத்துவிட முடியுமா என்று அந்த ஹோட்டலில் கேட்டுப் பாருங்கள். தேதி உறுதியானதும் எழுதுங்கள், பெந்தெகொஸ்தே வார இறுதி என்றால் காயல் முழுக்கத் துடுப்புப் படகுகள் ஓடும் வோகலோங்கா நடக்கும், அன்று காலை படகு நேரங்கள் மாறும், பெல்லெஸ்ட்ரினா நாளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.